கடற்பாசி கிரீம் யாராவது போட்டுப் பார்த்திருக்கீங்களா?

தோழிகளே, என் தங்கைக்கு ரொம்ப சென்சிட்டிவ் ஸ்கின். சோப்பை மாத்தினாலே கன்னம் சிவந்து எரியும். இப்போ கடற்பாசிச் சாறு கலந்த கிரீம் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கா. பாசியில இருக்கற ஆல்ஜினேட், கராஜீனன்ங்கற கூழ் மாதிரிப் பொருளெல்லாம் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், சரி. ஆனா பழுப்புப் பாசியில, அதுவும் கெல்ப் வகையில, அயோடின் அதிகம். அவளுக்குப் பருவும் வரும், அயோடின் அதைக் கூட்டிடுமோன்னுதான் யோசனை.

டப்பாவுல எந்தப் பாசின்னே போடலை. வெறும் ‘சீவீட் எக்ஸ்ட்ராக்ட்’, கடைசியில பொடி எழுத்துல ‘பர்ஃப்யூம்’. எனக்கென்னவோ பாசியைவிட அந்த வாசனை மேலதான் சந்தேகம். இப்போதைக்கு முகத்துல வேண்டாம், முழங்கை மடிப்புல ஒரு வாரம் தடவிப் பாருன்னு சொல்லியிருக்கேன்.

வாசனை சேர்க்காத கடற்பாசி கிரீம் போட்டவங்க இருக்கீங்களா? எரிஞ்சுதா, பரு கூடுச்சா? எந்தப் பாசின்னு தெரிஞ்சா அதையும் சொல்லுங்க. ‘இயற்கைதானே, ஒண்ணும் ஆகாது’ன்னு மட்டும் சொல்லாதீங்க, ப்ளீஸ்!