மதியம் சுருளும் குடைமிளகாய் இலை: ஒளிச்சுவாசமா, வேற ஏதாவதா?

கேள்வி (கெலமங்கலம்):
1,000 சதுர மீட்டர் பாலிஹவுஸ்ல (பிளாஸ்டிக் கூரை போட்ட குடில்) கலர் குடைமிளகாய். ஏப்ரல் வெயில்ல 11 மணிக்கு மேல இலை மேல்பக்கமா சுருளுது, பூ கொட்டுது. அனல்காத்தும் புழுதியும் உள்ள வருதுன்னு 11ல இருந்து 4 வரை பக்கத் திரையை இறக்கி விடறேன். வெளிய ராகி ஜம்முனு நிக்குது. ஒளிச்சுவாசம்னு சொல்றாங்க. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கி விடலாமாங்க?

பதில் (தர்மபுரி):
சிலிண்டர் வேண்டாங்க, திரையைத் தூக்குங்க. இலையில கார்பனைப் பிடிக்கிற ரூபிஸ்கோ நொதி ஆக்சிஜனையும் பிடிச்சுக்கும், அதுல தொடங்குறதுதான் ஒளிச்சுவாசம். 25 டிகிரியிலேயே சுமார் மூணு தடவை கார்பன் டை ஆக்சைடைப் பிடிச்சா ஒரு தடவை ஆக்சிஜன். அப்படிப் பிடிச்சா வர்ற வேண்டாத பொருளைச் சரிக்கட்ட செல்லுக்குள்ள வேற உறுப்புகளான பெராக்சிசோம், மைட்டோகாண்ட்ரியா வரை போய்த் திரும்பணும். நாலு கார்பன் போனா மூணுதான் திரும்பும், செல்லோட சக்தியான ஏடிபியும் செலவு. சூடு ஏற ஏற ரூபிஸ்கோ ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிற திறன் குறையும். தண்ணியில கரையற கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனை விட வேகமா குறையும்.

திரை மூடினா ரெண்டு விதத்துல அடி. உள்ள சூடு ஏறும். செடியே இழுத்து இழுத்து, வெளிக்காத்துல 420 பிபிஎம் (பத்து லட்சத்துல 420 பங்கு) இருக்கிற கார்பன் டை ஆக்சைடு உள்ள 300க்கும் கீழ போயிடலாம். சூட்டுல இலைத்துளையும் மூடிக்கிட்டா இலைக்குள்ள அது இன்னும் குறையும். ராகி சி4 பயிர். ஆக்சிஜனைத் தொடாத வேற நொதியில பிடிச்சு, நரம்பைச் சுத்தியிருக்கிற கற்றை உறை செல்லுல உள்ள ரூபிஸ்கோவுக்குக் குவிச்சுக் கொடுக்கும். அதோட ஒப்பிட்டுக் கவலைப்படாதீங்க.

பதில் (ஓசூர்):
பூ கொட்டறதை ஒளிச்சுவாசத்து மேலயே போடாதீங்க. 32 டிகிரி தாண்டினாலே மகரந்தம் கெட்டுக் காய்ப்பிடிப்பு குறையும். சாயங்காலம் 6 மணிக்கு இலையைப் பாருங்க. விரிஞ்சிருந்தா வெயில். அப்பவும் மேல்நோக்கிச் சுருண்டே இருந்தா நுனித் தளிரை வெள்ளைத்தாள்ல தட்டுங்க, இலைப்பேன் ஓடும். கீழ்நோக்கி மடங்கினா முரணைச் சிலந்தி.

கேள்வி (கெலமங்கலம்):
6 மணிக்கு விரிஞ்சுடுதுங்கண்ணா. இலை வழியா தண்ணி ஆவியாகிறதைக் குறைக்கிற மருந்து அடிக்கச் சொல்றாங்க, அடிக்கலாமா?

பதில் (தர்மபுரி):
இலைத்துளையை மூடற வகை அடிக்காதீங்க, ஒளிச்சுவாசம் கூடத்தான் செய்யும். நிழல்வலை 35 சதவீதம், 11ல இருந்து 3 வரை மட்டும் இழுங்க. நாள் முழுக்க விட்டா காய் எடை விழும். ஃபாகரை (பனிமூட்டம் மாதிரி தண்ணி தெளிக்கிறது) இலை நனையாத அளவுக்கு விட்டு விட்டு ஓட்டுங்க. சொட்டுநீரை ஒரே வேளையா விடாம நாலஞ்சு வேளையா பிரிங்க. சிலிண்டர்ல விடறது, திறந்த திரை வழியா அப்படியே வெளிய போயிடும்.

பதில் (ஓசூர்):
பூச்சிவலையையும் ஒரு தடவை பைப் வச்சு அடிச்சுக் கழுவுங்க. 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலையில புழுதி அப்பியிருந்தா திரையைத் தூக்கியும் காத்து வராது.