டெட்லைனுக்குக் காலக்கெடு போதுமா?

(தென்னாப்பிரிக்கத் தமிழர் சிலரின் உரையாடல்; பேசுபவர்கள் ஊர்ப்பெயரில்.)

சாட்ஸ்வொர்த்:
அனைவருக்கும் வணக்கம். வார இறுதித் தமிழ் வகுப்புக்காக வீட்டுப்பாடச் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறோம், சொற்பட்டியல் வெள்ளிக்குள் போயாக வேண்டும். 'டெட்லைன்' வரும் இடமெல்லாம் 'காலக்கெடு' என்று போட்டேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த கெடு பால் கெடுவதுதான். "என் பாடம் கெட்டுப்போச்சா டீச்சர்?" என்கிறார்கள். வேறு சொல் உண்டா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அம்மா, ஆங்கிலத்திலும் அது நல்ல சொல் இல்லை. 1864இல், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில், ஆண்டர்சன்வில் சிறைமுகாமின் மதிலுக்கு உட்புறம் ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள். தாண்டினால் சுட்டுவிடுவார்கள். நேர்ப்பொருளில் டெட்லைன் அதுதான், நேரத்துக்கு ஏற்றிச் சொன்னது பிறகு வந்தது. நம்மிடம் மட்டும் இல்லையா? ஒரு மாதத்துக்கு மேல் உயிர் வைத்திருக்க மாட்டேன் என்று சீதை அனுமனிடம் சொன்னதைவிடக் கறாரான டெட்லைன் எது? என் பரிந்துரை 'இறுகோடு'. இறுதல் என்றால் முடிதலும் ஆகும், சாதலும் ஆகும்.

டர்பன்:
ஐயா, எட்டு வயசுப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் சாவு எதற்கு? அதுவும் 'இறுகு, ஓடு' என்று பிரித்துப் படித்துவிட்டு ஓடிவிடும். அப்புறம், காலக்கெடுவின் கெடுவுக்கும் கெடுதலுக்கும் உறவில்லை. தெலுங்கில் 'கடுவு' என்றால் தவணை, அதன் உறவுதான் இது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
தெலுங்கா? அப்படியானால் தள்ளிவிட இன்னொரு காரணம் கிடைத்தது. 'நாட்கோடு' என்று வையுங்கள். 'நாளொற்றித் தேய்ந்த விரல்' என்றாரே வள்ளுவர், தலைவி சுவரில் கோடு போட்டுத்தானே நாள் எண்ணுகிறாள்.

ஜோகன்னஸ்பர்க்:
அது தலைவன் போன நாளை எண்ணுகிற கோடு ஐயா, வரவேண்டிய நாளுக்கு இல்லை. 'தவணை' என்றே போடலாமே. நம் முன்னோர் இங்கே நேட்டால் பகுதிக்கு வந்ததே 5 ஆண்டுக் கூலி ஒப்பந்தத்தில். 1895 சட்டத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் தங்கியவர்மேல் ஆண்டுக்கு 3 பவுன் வரி விழுந்தது. தவணையின் அருமை நமக்குத் தெரியாதா?

டர்பன்:
தவணை என்றால் எங்கள் வீட்டில் சோபா வாங்கியதுதான் ஞாபகம் வரும்.

சாட்ஸ்வொர்த்:
வெள்ளி வந்துவிட்டது. 'கடைசி நாள்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். டர்பன், ஜோகன்னஸ்பர்க் இருவரும் சரி என்றார்கள், ஐயா மன்னிக்க வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
மன்னிக்க ஒன்றுமில்லை அம்மா. ஆனால் செயலியில் மணியும் காட்டுமே. 'கடைசி நாள்: மாலை 5 மணி' என்றா வரும்? மாலை 5 மணி எப்படி நாளாகும்?