அடைக்கப்பட்ட தோட்டத்தில் ஒரு பகல்

நியூயார்க்கில், ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி ஃபோர்ட் டிரையன் பூங்காவில் 'தி க்ளாய்ஸ்டர்ஸ்' அருங்காட்சியகம் இருக்கிறது. ஐரோப்பாவின் பழைய மடங்களிலிருந்து வாங்கிவந்த தூண்களையும் வளைவுகளையும் இணைத்துக் கட்டி, 1938-இல் திறந்தார்கள். சிற்பங்களைப் பார்க்கத்தான் போனேன்; பொழுதெல்லாம் தோட்டங்களிலேயே கழிந்தது.

பைரனீஸ் மலைப்பகுதியின் கூக்ஸா மடத்துத் தூண்களால் ஆன முற்றத்தில், இரண்டு பாதைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சென்று நடுவிலுள்ள நீரூற்றில் சந்திக்கின்றன. ஏதேனில் புறப்பட்ட ஆறு நான்காகப் பிரிந்தது என்ற பைபிளின் ஆதியாகமக் கூற்றையும் சிலுவையையும் ஒருசேர நினைவூட்டும் அமைப்பு இது. நாற்புறமும் தாழ்வாரம் சூழ்ந்திருப்பதால், தூணில் சாய்ந்து நிற்பவருக்கு வெளியுலகம் எதுவும் தெரிவதில்லை. திறந்திருக்கும் ஒரே திசை வானம். லீலி என்றால் தூய்மை, ரோஜா என்றால் மரியாள் என்று பூவுக்குப் பூ பொருள் சொல்வதைவிட, விரும்பி உள்ளே அடைபட்ட துறவிகளுக்காக இந்த இடம் அமைக்கப்பட்டது என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. பைபிளிலுள்ள உன்னதப்பாட்டின் 'அடைக்கப்பட்ட தோட்டம்' மரியாளின் கன்னிமைக்கு உருவகமானதும் இந்த எண்ணத்தின் நீட்சிதான்.

அந்த அடைப்பு மரணத்தோடும் முடிவதில்லை. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையப்பட்டு, சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மடத்து நூலகத்தில் இன்றும் இருக்கும் ஒரு மடத்தின் வரைபடத்தில், துறவிகளின் இடுகாடே பழத்தோட்டமாகக் காட்டப்பட்டிருக்கிறது: நடுவில் சிலுவை, கல்லறைகளுக்கிடையே ஆப்பிள், பேரி முதலிய மரங்கள். உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கையை இதைவிட நேராகச் சொல்லும் தோட்டத்தை நான் அறியேன்.

மூலிகைத் தோட்டத்தையும் சுற்றிவிட்டு (அங்கே மருந்துக்கும் சாயத்துக்கும் சமையலுக்கும் தனித்தனிப் பாத்திகள் உண்டு) உள்ளே வந்தால், 1500-ஐ ஒட்டி நெய்யப்பட்ட ஒற்றைக்கொம்புக் குதிரைத் திரைச்சீலை. பூக்கள் நிறைந்த வெளியில், வட்ட வேலிக்குள், மாதுளை மரத்தில் சங்கிலியால் கட்டுண்டு அது படுத்திருக்கிறது. உடலிலுள்ள சிவப்புத் துளிகளைக் காயம் என்றே முதலில் நினைப்போம்; மேலே வெடித்த மாதுளையின் சாறு என்பார்கள். அந்த விலங்கைக் கிறிஸ்து என்று கொள்வாரும் உண்டு, காதலில் கட்டுண்ட மணமகன் என்பாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும், நினைத்தால் ஒரே தாவலில் கடந்துவிடக்கூடிய உயரத்தில்தான் அந்த வேலியை நெய்திருக்கிறார்கள்.