புதுப்பிப்பு: புக்கெட்டில் விசா நீட்டிப்பு கிடைத்துவிட்டது

தாய்லாந்தின் புக்கெட் தீவில், பத்தோங் கடற்கரையில் தங்கியிருக்கிறேன், கொரோனாவால் விமானம் இல்லை, சுற்றுலா விசா முடிந்துவிட்டது, என்ன செய்வது என்று 2020 ஜூலையில் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

விசா முடிந்தும் ஊர் திரும்ப முடியாத வெளிநாட்டவர் தங்கிக்கொள்ள தாய்லாந்து அரசு தந்த பொதுச் சலுகை 2020 ஜூலை 31 வரை இருந்தது, பிறகு செப்டம்பர் 26 வரை நீண்டது. கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள், தூதரகக் கடிதம் வாங்குங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் பலித்தது. குடிவரவு அலுவலகத்தில் நான் கொடுத்தவை: கடிதம், விசா நீட்டிப்புக்கான டி.எம். 7 படிவம், 4×6 செ.மீ. புகைப்படம், 1,900 பாட் கட்டணம். 30 நாள் கிடைத்தது. விசா முகவரைப் பிடிக்கச் சொன்ன யோசனை எனக்குத் தேவைப்படவில்லை.

எதிர்பாராதது டி.எம். 30 ரசீது. வெளிநாட்டவர் தங்குவதை வீட்டு உரிமையாளர் பதிவு செய்ய வேண்டும். என் வீட்டுக்கார அம்மா செய்யவே இல்லை. வரிசையில் முன்னால் வரை போய், அந்த ரசீது இல்லாததால் திரும்பி வந்தேன். பாவம், மறுநாள் அவரே கூட வந்தார், கையில் ஒரு பை ரம்புத்தான் பழத்தோடு.

பத்தோங்கின் கேளிக்கைத் தெருவான பங்களா சாலையில் அப்போதும் பாதிக் கடைகள் மூடித்தான் கிடந்தன. நடுத்தெருவில் நாய் தூங்கியது.