கிரப் டிஃபால்ட் 2: உபுண்டு 24.04-க்கு மாறியதும் விண்டோஸுக்குப் பதில் மெமரி டெஸ்ட் ஓடுகிறது

கோரமங்களா_கணினி:
வீட்டு டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11, உபுண்டு இரண்டும் ஒரே என்விஎம்இ டிரைவில். அப்பாவுக்கு டேலி வேண்டும் என்பதால் கிரப்பில் (கணினி எழும்போது எந்த ஓஎஸ் என்று கேட்கும் பூட் மெனு) டிஃபால்ட் 2, அதாவது விண்டோஸ். உபுண்டுவை 22.04-லிருந்து 24.04-க்கு ஏற்றிய பிறகு, மெனுவில் எதையும் தொடாமல் விட்டால் மெமரி டெஸ்ட் ஓடுகிறது. அன்றைக்கே செட்டிங் ஃபைலைப் பார்த்தேன். 2 அப்படியேதான் இருக்கிறது.
இன்னொன்று. பெங்களூரில் நேற்று மழை. உபுண்டு பூட் ஆகும் நடுவில் கரன்ட் போய்விட்டது. அதிலிருந்து விண்டோஸ் மட்டும்தான் பயன்படுத்துகிறோம், ஆனால் 5 விநாடி நிற்க வேண்டிய மெனு 30 விநாடி நிற்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பூட்_பித்தன்:
தொடர்பில்லை. முதலில் அந்த 2.
கிரப் 0-விலிருந்து எண்ணும். பழைய மெனுவில் 0 உபுண்டு, 1 அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், 2 விண்டோஸ். 22.04-இல் இருந்த மெம்டெஸ்ட் (அந்த மெமரி டெஸ்ட்) யூஇஎஃப்ஐ-யில் (இன்றைய மதர்போர்டு ஃபர்ம்வேர்) ஓடாது, அதனால் மெனுவிலும் வராது. 24.04-இல் இருப்பது ஓடும். சாதாரணம் ஒன்று, சீரியல் கன்சோல் ஒன்று என இரண்டு வரி போடும். மெனுவைக் கட்டும் ஸ்கிரிப்ட்களில் மெம்டெஸ்ட்டுக்கு 20, விண்டோஸ் போன்ற மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபருக்கு 30. சிறிய எண் முதலில் ஓடுவதால் விண்டோஸ் 4-க்கு இறங்கிவிட்டது. கெர்னல் அப்டேட்டில் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், பழைய கெர்னல்கள் 1-இன் உள்மெனுவுக்குள் போய்விடுவதுதான்.
4 என்று மாற்றினால் இன்றைக்கு ஓடும், ஆனால் அது வேண்டாம். மெனு தலைப்பையும் கொடுக்க வேண்டாம். அதில் டிரைவ் பெயர் இருக்கிறது, இன்னொரு எஸ்எஸ்டி போட்டால் அது மாறக்கூடும். ஐடி-யைக் கொடுங்கள். பூட், கிரப் ஃபோல்டரில் உள்ள கிரப்.சிஎஃப்ஜி-யை சூடோவுடன் (அட்மின் உரிமையுடன்) திறந்து விண்டோஸ் மெனுஎன்ட்ரி வரியைத் தேடுங்கள். வரிக் கடைசியில், ஒற்றை மேற்கோளுக்குள் ‘ஓஎஸ்ப்ரோபர்-இஎஃப்ஐ’ என்று தொடங்கும் சொல் இருக்கும். அதன் பின்பகுதி, பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனின் யூயூஐடி (அடையாள எண்). அந்தப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாதவரை மாறாது. ஈடிசி, டிஃபால்ட் ஃபோல்டரில் உள்ள கிரப் ஃபைலில் 2 இருக்கும் இடத்தில் அதை முழுதாக, மேற்கோளுடன் ஒட்டி, சூடோ அப்டேட்-கிரப் கொடுங்கள். இதை விட்டால் ஃபைலில் மாற்றியது மெனுவுக்கு வராது.

ஹலசூரு_லினக்ஸ்:
30 விநாடிக்குக் காரணம் ரெக்கார்ட்ஃபெயில். உபுண்டு பூட் ஆகத் தொடங்கும்போது கிரப் தன் கிரப்என்வ் ஃபைலில் ஒரு குறி போடும். உபுண்டு முழுதாக எழுந்ததும் அதை அழிக்கும். உங்களுக்கு நடுவில் கரன்ட் போனதால் குறி நின்றுவிட்டது. விண்டோஸ் அதைத் தொடாது, ஆகவே நீங்கள் எத்தனை நாள் விண்டோஸுக்கே போனாலும் 30 விநாடிதான். உபுண்டுவை ஒரு முறை லாகின் திரை வரை கொண்டுவந்தால் போதும்.

கோரமங்களா_கணினி:
ஐடி போட்டேன், விண்டோஸ் வருகிறது. மெனுவும் 5 விநாடிக்கு வந்துவிட்டது, இருவருக்கும் நன்றி. கெர்னல் அப்டேட் முடிந்து ரீபூட் செய்தால் அதுவும் விண்டோஸுக்கே போகுமே? அந்த ஒரு முறை மட்டும் உபுண்டு வர வழி உண்டா?

பூட்_பித்தன்:
உண்டு. டிஃபால்ட்டில் ஐடி-க்குப் பதில் ‘சேவ்டு’ என்று எழுதி அப்டேட்-கிரப். பிறகு சூடோ கிரப்-செட்-டிஃபால்ட் கொடுத்து, பக்கத்தில் அந்த ஐடி; இதுதான் நிரந்தரம். தேவைப்படும் அன்று சூடோ கிரப்-ரீபூட் 0, பின் ரீபூட். ‘சேவ்டிஃபால்ட்’ வரியை ட்ரூ ஆக்க வேண்டாம். ஆக்கினால் கடைசியாகத் தேர்ந்தெடுத்ததே டிஃபால்ட் ஆகிவிடும், அப்பா மறுநாள் உபுண்டுவில் போய் நிற்பார்.

ஹலசூரு_லினக்ஸ்:
பூட் ஃபோல்டர் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்திலோ எல்விஎம் என்ற டிஸ்க் பிரிப்பு முறையிலோ இருந்தால் இந்த வழி வேண்டாம். அவற்றில் பூட் நேரத்தில் கிரப்பால் எழுத முடியாது. ஒருமுறைக்கு என்று சொன்னது அழியாமல் ஒவ்வொரு முறையும் உபுண்டுவே வரும். எல்விஎம் இல்லாத இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் என்றால் தாராளமாகச் செய்யலாம்.