தாலி ஏறின கையோட தூரப் பயணம் கிளம்பினவங்க இருக்கீங்களா?

கித்தாமரம்:
சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016, கார்த்திகை மாதத்துக் கடைசி முகூர்த்தம். மார்கழி பிறந்துவிட்டால் தை வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கல்யாணத்தை வைத்தார்கள், பேராக்கில் இருக்கிற சுங்கை சிப்புட்டில். எனக்கோ கோல கிராயில் ஞாயிற்றுக்கிழமை வேலையில் சேர வேண்டும். அது கிளந்தான் மாநிலம், அங்கே வாரம் ஞாயிறுதான் தொடங்கும், தெரிந்திருக்கும். காலையில் தாலி, மத்தியானம் சாப்பாடு, மூன்று மணிக்குக் காரில் ஏறியாச்சு. சட்டி பானை, குக்கர், மாமியார் அரைத்துக் கொடுத்த மிளகாய்த்தூள் டின் எல்லாம் பின் சீட்டில். மழைக்காலம் வேறு. 2014-ல் கோல கிராய் முங்கிப்போனதை டிவியில் பார்த்திருந்ததால், வெள்ளம் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று எனக்குப் பதற்றம். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், ஆனால் தோட்டத்து முனியாண்டியிடம் நிற்கவில்லை. அம்மா கத்தினார். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவி கிளம்பும்போது அவள் அம்மாவைக் கட்டிப் பிடித்து அழுதாளே ஒழிய வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிரிக் வரைக்கும் அதே கதைதான்.

கிரிக்கிலிருந்து கிளந்தானுக்குப் போகும் காட்டு ரோட்டில், பண்டிங் பாலம் தாண்டி மேலே ஏறும்போது பனி இறங்கிவிட்டது. ஒரு வளைவில் திரும்பினால் எதிரே ஒற்றை யானை. ஓரத்தில் இல்லை, ரோட்டு மேலேயே. பிரேக் போட்டேன். பின்னால் ஒரு லோரி வந்து நின்றுவிட்டதால் ரிவர்ஸ் எடுக்கவும் வழியில்லை. அது மெதுவாக வந்து பானெட்டில் ஒட்டியிருந்த கல்யாணப் பூ அலங்காரத்தைத் துதிக்கையால் பிய்த்தது. செவ்வந்தி, மாவிலை எல்லாம் போனது. ரிப்பனை மட்டும் விட்டுவிட்டது. அப்புறம் அவள் பக்கம் வந்து கண்ணாடியில் மூச்சு விட்டது. கண்ணாடி முழுக்க ஆவி.

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உறைந்து போயிருக்கிறேன். இவள் என்ன செய்தாள் தெரியுமா? தாலியைக் கையில் இறுக்கிக்கொண்டு, அந்தக் கண்ணாடியைப் பார்த்து, தெளிவாக, "போயிட்டு வரேன்" என்றாள். அம்மாவிடம் சொல்லாததை யானையிடம் சொன்னாள். அது செம்பனைக் கன்றைத் தள்ளுவது போல ஒரு புதரைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று இன்றைக்கும் கேட்பேன். சொன்னதே ஞாபகமில்லை என்கிறாள். உங்களுக்கு இப்படி ஏதாவது?

ஒட்டுப்பால்:
பிள்ளையாரே வந்து ஆசீர்வாதம் பண்ணினார் என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாலை காட்டை வெட்டிக்கொண்டு போகிறது. ரோட்டோரம் வெயில் படுவதால் புல் நன்றாக வளரும், யானை அதைத் தின்ன வரும். பூ வாசனை வந்தது, பிய்த்துத் தின்றது. அவ்வளவுதான். முனியாண்டி கோபித்துக்கொண்டு யானையை அனுப்பினார் என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பார், பந்தயம் கட்டுகிறேன். ஒரு சந்தேகம், அந்த அலங்காரம் நிஜப் பூவா, பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக் என்றால் பாவம் அந்த யானை.

கித்தாமரம்:
நிஜப் பூதான் அண்ணே. அம்மா சொன்னது நீங்கள் நினைத்தது இல்லை. முனியாண்டிதான் யானையை விலக்கிவிட்டார் என்கிறார். வாதாடிப் பார்த்துவிட்டேன், முடியவில்லை.

பழையடிரைவர்:
யானை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் விரைவு பஸ் ஓட்டியவன், வடக்கு தெற்கு ஹைவே 1994-ல் முழுசாகத் திறப்பதற்கு முன்னால். பழைய ரோட்டில் ஈப்போ, தாப்பா, பீடோர், தஞ்சோங் மாலிம் என்று ஒவ்வொரு ஊருக்குள்ளேயும் புகுந்து போக வேண்டும். அப்போது நம் ஊரிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஏறினார்கள், ஜொகூர் பாரு போக. மாப்பிள்ளைக்கு அங்கே ஃபேக்டரி வேலை போல. பொண்ணு தலையில் அட்சதை அரிசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

பீடோரில் சாப்பிட நிறுத்தினேன். எல்லாரும் ஏறியாச்சு என்று உதவியாளர் தட்டினான், எடுத்துவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் சலசலப்பு. பொண்ணு எழுந்து நடுவில் நிற்கிறாள், அவர் ஏறவில்லை என்று கையால் காட்டுகிறாள். திருப்பிக்கொண்டு வந்தோம். சாப்பாட்டுக்கடையில் ஆளைக் காணோம். உதவியாளர் இறங்கிக் கத்த வேண்டுமே, பேர் என்னம்மா என்று கேட்டான். வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பேரைச் சொல்லமாட்டாள்! அந்தக் காலம் அப்படி. பாட்டி ஒருத்தி முன் சீட்டிலிருந்து, "முருகன் பேரா?" என்றாள். பொண்ணு தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், பஸ்ஸே சேர்ந்துகொண்டது. வேலாயுதமா? இல்லை. சண்முகமா? இல்லை. சுப்ரமணியமா, தண்டபாணியா, கந்தசாமியா? சீனக் கிழவர் ஒருவர் தமிழ் தெரியாமலே ஆளுக்கு ஆள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். ஆறுமுகம் என்றதும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உதவியாளர் "ஆறுமுகம்!" என்று ஒரு சத்தம் போட்டான், எதிர்க் கடையிலிருந்து ஓடி வருகிறான் மாப்பிள்ளை, கையில் ஒரு பை நிறையக் கொய்யா. பொண்டாட்டிக்குப் பிடிக்கும் என்று வாங்கப் போனானாம்.

ஜொகூரில் இறங்கும்போது அவள் என்னிடம் ஒரு கொய்யா கொடுத்தாள். அவன் அதைப் பார்த்து முறைத்தான். அந்த முறைப்புதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆள் விட்டுப் போனதற்கு அவளைத் திட்டுவானோ என்று.

பெரட்டுமணி:
டிரைவர் அங்கிள், நீங்கள் தலையை எண்ணாமல் பஸ்ஸை எடுத்துவிட்டு அவன் முறைத்தான் என்கிறீர்களே! நானாக இருந்தால் உங்களைத்தான் முறைப்பேன். அவளை ஏன் திட்டப் போகிறான்?

பழையடிரைவர்:
எண்ணுவது உதவியாளர் வேலைம்மா.

செம்பனை75:
என் அனுபவமும் இருக்கிறது. கல்யாணமான ஒரு வாரத்தில் சரவாக்கில் இருக்கிற கூச்சிங் போனோம். எனக்கு மத்திய அரசாங்க உத்தியோகம், மாற்றல். விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என்னைத் தாராளமாக விட்டார். என் மனைவியின் கையில் 90 நாள் என்று எழுதிய ஒரு தாள். அவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: நீங்கள் வேலைக்கு, அம்மா சுற்றிப் பார்க்க. பட்டுப்புடவையோடு நிற்கிற பொண்ணு என் முகத்தைப் பார்த்தாள். சொந்த நாட்டுக்குள்ளேயே தாள் கேட்கிறார்களே என்று அவளுக்கு ஆச்சரியம்.

ஆகவே கிளம்பப் போகும் பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள். கோயிலில் தாலி கட்டினால் கல்யாணம் பதிவாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்கள் சட்டப்படி பதிந்தாக வேண்டும். கல்யாணத்தை நடத்துகிறவர் உதவிப் பதிவாளராக இருந்தால் அங்கேயே முடிந்துவிடும், இல்லையென்றால் பதிவு இலாகாவுக்குப் போய் முடித்துக்கொண்டு பயணம் கிளம்புங்கள். சான்றிதழின் நகலைத் தனியாக வையுங்கள், அசலை மிளகாய்த்தூள் டின்னோடு பின் சீட்டில் போடாதீர்கள். சபா, சரவாக் போகிறவர்கள், தீபகற்பத்து ஆள் அங்கே தனியார் வேலை செய்வதற்குப் பெர்மிட் வேண்டும். மனைவி போனதும் வேலை தேடிக்கொள்வாள் என்று கணக்குப் போடாதீர்கள். கிளந்தான் போகிற ஆசிரியர்கள், அந்த மாநிலத்தில் தமிழ்ப்பள்ளி ஒன்றே ஒன்றுதான், பாசிர் காஜா தோட்டத்தில். நாளைக்குப் பிள்ளை பிறந்தால் எங்கே படிக்க வைப்பீர்கள் என்பதை இப்போதே யோசியுங்கள். கிரிக் ரோட்டை எப்போதும் பகலில் தாண்டுங்கள். அந்தச் சாலை திறந்த புதிதில் கம்யூனிஸ்ட் பயத்தினால் இருட்டிய பிறகு உள்ளே விடவே மாட்டார்கள், அதுவே நல்லதாக இருந்தது. யானை வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள், பெரிய விளக்கைப் போடாதீர்கள், குட்டி இருந்தால் கிட்டேயே போகாதீர்கள். பானெட்டில் பூ வைக்கவே வைக்காதீர்கள்.

கித்தாமரம்:
சார், நான் யோசனை கேட்கவில்லை. பிள்ளை பிறந்து பள்ளிக்கூடமும் போகிறது.

லயத்துவீடு:
நீங்கள் எல்லாரும் ஒரு மாநிலம், இரண்டு மாநிலம் தாண்டியதைச் சொல்கிறீர்கள். என் பாட்டியின் தங்கைக்கு நடந்தது வேறு. 1969-ல் நடந்த 13 மே இனக் கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்ததே, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டார்கள். ஏறக்குறைய 60,000 தோட்டத் தொழிலாளர்கள் அப்போது மலேசியாவிலிருந்து இந்தியா போனதாகச் சொல்வார்கள். சின்னப்பாட்டிக்கு அந்தச் சமயத்தில்தான் கல்யாணம். அவர் பிறந்தது இங்கே, தோட்டத்து வரிசை வீடான லயத்தில். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. மாப்பிள்ளையும் சிவப்பு அட்டை. விருந்து வைக்கக் கூடக் காசில்லாமல் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பினாங்குக்குப் போய் ரஜூலா கப்பலில் ஏறினார்கள். இறங்கின இடம் நாகப்பட்டினம். அவர் அந்த ஊரை அதற்கு முன் பார்த்ததே கிடையாது.

இதை எனக்குச் சொன்னது என் பாட்டி, வழியனுப்பப் போனவர். துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். மேலே ஒரு கூறைப்புடவை, அதற்குள் சுற்றி வைத்திருக்கிறார், ரப்பர் மரத்தில் பால் சீவும் உளி. நன்றாகத் தீட்டி, முனையில் துணி கட்டி. அதிகாரி எடுத்துப் பிடித்துக்கொண்டு இது எதுக்கு என்று கேட்டாராம். சின்னப்பாட்டி, "அங்கே போய் மரம் வெட்ட வேணாமா?" என்றாராம். வரிசையில் நின்றவர்களில் ஒருத்தர் கூடச் சிரிக்கவில்லையாம். அதிகாரியும் உளியைத் திரும்ப வைத்துவிட்டு, புடவையை அவரே மடித்து மூடினாராம்.

காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, போகாமல் விடிகிற ஒரு நாளை அவர் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார், அதுதான் எனக்கு மனதை என்னவோ செய்கிறது. எழுதிய கடிதங்கள் எங்கள் வீட்டில் இல்லை. லயத்தை இடித்தபோது போய்விட்டன.

ஒட்டுப்பால்:
வருத்தமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தியாவில் பால்மரமே இல்லாத மாதிரி எழுதியிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் போய்ப் பாருங்கள், முழுக்க ரப்பர். சிலோனிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசாங்கமே அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்தது. ஆக உங்கள் சின்னப்பாட்டி கேட்டது ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை.

பெரட்டுமணி:
யாருங்க அசட்டுக் கேள்வி என்று சொன்னது? நீங்களாகவே ஒன்றைச் சொல்லி நீங்களாகவே மறுக்கிறீர்கள். யானைக்கும் இதையேதான் செய்தீர்கள்.

லயத்துவீடு:
சண்டை வேண்டாம். அவர்கள் போனது கன்னியாகுமரி இல்லை, பட்டுக்கோட்டைப் பக்கம், மாப்பிள்ளையின் அப்பா ஊர். அங்கே எங்கே பார்த்தாலும் தென்னைதான். உளியை என்ன செய்தார் என்று பாட்டியிடம் நானும் கேட்டிருக்கிறேன். கீற்று முடையும்போது ஈர்க்குச் சீவ வைத்துக்கொண்டாராம். அதற்கு அது கொஞ்சமும் சரிப்பட்டு வராது, வளைந்த உளி, தெரியாதா உங்களுக்கு?