பதில்: வைல்டுகேட் கார்ட்ரிட்ஜ் – 'தனிவடிவத் தோட்டா' சரிவருமா?

> 'காட்டுப்பூனைத் தோட்டா' என்றே வைத்துவிடலாமே, கேட்கவும் நன்றாக இருக்கிறது.

அய்யா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாம் தமிழ்ச்சொல் தேடுகிற 'வைல்டுகேட் கார்ட்ரிட்ஜ்' என்பது, துப்பாக்கி ஆர்வலர்கள் தாங்களே கூட்டை மாற்றிச் செய்துகொள்கிற தோட்டா. ஆனால் படிக்கிறவர் காட்டுப்பூனையைச் சுடுவதற்கான தோட்டா என்று எடுத்துக்கொள்வார், அதுவும் 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிற நாட்டில். காட்டுப்பூனைக்கு 'வெருகு' என்று பழந்தமிழுக்குப் போனாலும் இதே கதைதான், கூடவே ஓர் அகராதியும் தேவைப்படும்.

தம்பி சொன்ன 'நாட்டுத் தோட்டா'வும் வேண்டாம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துச் செய்திகளில் துப்பாக்கிக்கு முன்னால் 'நாட்டு' வந்துவிட்டால் அடுத்த வரி 'போலீசார் பறிமுதல் செய்தனர்' என்பதுதான்.

பொருளைப் பார்ப்போம். ஏற்கெனவே இருக்கிற ஒரு பித்தளைக் கூட்டை (மருந்தும் குண்டும் அடைக்கிற உறை) எடுத்து, குண்டைப் பிடிக்கிற கழுத்தை அச்சில் கொடுத்து இறுக்கியோ அகட்டியோ, கழுத்துக்குக் கீழே சரிந்து அகல்கிற தோளைத் தள்ளியோ, வேறு அளவுக் குண்டு உட்காரும்படி மாற்றுகிறார்கள், அந்தத் தோட்டா உட்காருகிற அறையைத் துப்பாக்கிக் குழலில் கடைந்துகொள்கிறார்கள். பொதுவாக எந்தக் கம்பெனியும் அந்தத் தோட்டாவைச் செய்து விற்பதில்லை, அமெரிக்காவின் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ., ஐரோப்பாவின் சி.ஐ.பி. போன்ற தர அமைப்புகளின் பட்டியலிலும் அது இருக்காது.

இதை வைத்துத்தான் 'ஒட்டுத் தோட்டா' என்று ஒருவர் எழுதியிருந்தார், ஒட்டு மாங்கன்று மாதிரி. எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் .243 வின்செஸ்டர் என்ற தோட்டாவே .308 வின்செஸ்டர் தோட்டாக் கூட்டின் கழுத்தை இறுக்கியதுதான், 1955இல் வின்செஸ்டர் கம்பெனியே கொண்டுவந்தது, அதை யாரும் வைல்டுகேட் என்பதில்லை. ஆக எதிலிருந்து பிறந்தது என்பது இங்கே அடையாளம் இல்லை, பட்டியலில் ஏறியதா இல்லையா என்பதுதான் அடையாளம். .22-250ஐப் பாருங்கள். .250 சாவேஜ் கூட்டின் கழுத்தை இறுக்கி ஆளாளுக்கு வீட்டுப் பட்டறையில் செய்துகொண்டிருந்தது, 1963இல் பிரௌனிங் அதற்கு ரைஃபிளே விற்க ஆரம்பித்துவிட்டது, அப்போதும் கடையில் தோட்டா கிடையாது! 1965இல் ரெமிங்டன் தரப்படுத்தி வெளியிட்ட பிறகுதான் வைல்டுகேட் என்ற பெயர் போனது. .25-06க்கும் அப்படியே, 1920 வாக்கில் பிறந்து 1969 வரை காத்திருந்தது.

அதனால்தான் 'தனிவடிவத் தோட்டா', அதற்கு எதிர்ச்சொல் 'தரவடிவத் தோட்டா'. ".22-250 என்ற தனிவடிவம் 1965இல் தரவடிவமானது" என்று தடுக்காமல் எழுத முடிகிறது பாருங்கள். 'தரமிலாத் தோட்டா' என்றால் மட்டமான சரக்கு என்று ஆகிவிடும். 'கைத்தோட்டா'வும் பொருந்தாது, தரவடிவத் தோட்டாவையும் கையால் மறுநிரப்பம் (சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் அடைப்பது) செய்கிறவர்கள் ஏராளம்.

அப்புறம் துணைச்சொற்கள். 'ஃபயர் ஃபார்மிங்'குக்கு 'சுட்டுப்படிவு' என்கிறேன். அக்லி என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கைவினைஞரின் 'இம்ப்ரூவ்டு' வகைகளில் சாதாரணத் தரவடிவத் தோட்டாவையே மாற்றிய அறையில் போட்டுச் சுடுகிறார்கள். உள்ளே எழும் அழுத்தத்தில் பித்தளை அறைச் சுவரோடு போய்ப் படிகிறது, சரிவாக இருந்த தோள் நிமிர்ந்து கூராக, பெரும்பாலும் 40 பாகையில், வெளியே வருகிறது. கூடு படிகிறது என்பதுதான் அங்கே நடக்கிற வேலை.

கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்குவதற்குக் 'கழுத்து இளக்கம்'. திரும்பத் திரும்ப அச்சில் கொடுத்தால் பித்தளை இறுகிப்போய்க் கழுத்தில் விரிசல் விடும், காய்ச்சினால் இளகும், இது வெங்கலக்கடைத் தெருவில் பாத்திரம் தட்டுகிறவர்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டிய விஷயம் இல்லை. கூட்டின் அடியில் மட்டும் சூடு ஏறக்கூடாது, அழுத்தத்தைத் தாங்குவது அந்தப் பகுதி.

சோதனைக்கு வந்தால், தனிவடிவத்துக்கு எவ்வளவு வெடிமருந்து போடலாம் என்று அச்சிட்ட அட்டவணை பெரும்பாலும் கிடைக்காது. அதனால் குறைத்துத் தொடங்கிச் சிறுகச் சிறுக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் வேகத்தை அளந்து, ப்ரைமர் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற சிறு பொருள்) தட்டையாகிறதா, அறையைப் பின்னாலிருந்து அடைக்கிற போல்ட்டு இறுகுகிறதா என்று பார்க்கிறார்கள். அழுத்தம் மிஞ்சுவதைக் காட்டுகிற இந்த அடையாளங்களுக்கு 'அழுத்தக் குறி' போதும். இங்கே யாரும் ஆசைப்பட்டுவிட வேண்டாம், 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தோட்டா செய்வது மட்டுமில்லை, மாற்றுவதற்கும் சோதிப்பதற்கும்கூட உரிமம் வேண்டும்.

> ஹெட்ஸ்பேஸுக்கு 'தலைவெளி'?

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆங்கிலத்தில் கூட்டின் 'தலை' என்பது ப்ரைமர் இருக்கிற அடிப்பக்கம். தமிழில் தலை என்றால் யாரும் குண்டின் நுனியைத்தான் பார்ப்பார்கள், வரைபடத்தில் நேர் எதிர்முனையைக் குறித்துவிடுவார்கள். போல்ட்டின் முகத்திலிருந்து, தோட்டா முன்னேறாமல் அறைக்குள் முட்டி நிற்கிற இடம் வரைக்குமான தூரம் அது. 'அமர்வளவு' என்று வைக்கலாமா? மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், மற்றச் சொற்களைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.